பிரேக்கர் பார் வாங்கும் முன்: நீளம் பிறகு, சதுரம் முதலில்

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறது, ஜாக்கியும் இருக்கிறது, சக்கரத்து நட்டு மட்டும் அசையமாட்டேன் என்கிறது. சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் பலர் பிரேக்கர் பாரைத் தேடத் தொடங்குவது இப்படி ஒரு நாளுக்குப் பிறகுதான். கடைக்குப் போனால் சில நூறு ரூபாயிலும் ஒன்று கிடைக்கிறது, பல ஆயிரத்திலும் ஒன்று கிடைக்கிறது. இரண்டுமே பளபளவென்று இருக்கின்றன, இரண்டிலும் அதே எழுத்துகள் பொறித்திருக்கின்றன. எதை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று முதல் முறை வாங்குபவருக்குப் பிடிபடாது. காருக்கும் பைக்கிற்கும் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பார் வாங்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். லாரி, டிராக்டர் வேலை வேறு, அதைப் போகிற போக்கில் மட்டும் சொல்கிறேன்.

பொருள் எளிமையானது. நீண்ட இரும்புக் கைப்பிடி, அதன் நுனியில் மேலும் கீழும் மடங்கும் தலை, தலையில் ஒரு சதுரக் கட்டை, அந்தச் சதுரத்தில், நட்டின் மேல் தொப்பிபோல உட்காரும் சாக்கெட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டியே நட்டைச் சுழற்ற உதவும் ராட்சட் கைப்பிடியில் இருப்பதுபோல உள்ளே பல்சக்கரம் கிடையாது. பல் இல்லாததால் உடையவும் பல் இல்லை. இறுகிப்போன நட்டை முதல் அசைவு அசைப்பது மட்டுமே இதன் வேலை. அசைந்த பிறகு ராட்சட்டாலோ கையாலோ கழற்றிக்கொள்ளலாம். சாதாரண ஹார்டுவேர் கடையில் "பிரேக்கர்" என்று மட்டும் கேட்டால் கான்கிரீட் உடைக்கிற மெஷினைக் காட்டுவார்கள். ஆட்டோ டூல்ஸ் விற்கும் கடையில் "அரை இஞ்ச் பிரேக்கர் பார்" என்று கேளுங்கள். சில கம்பெனிகளின் விலைப்பட்டியலில் ஃப்ளெக்சிபிள் ஹேண்டில், ஸ்விவல் ஹேண்டில் என்ற பெயரில் இருக்கும், அதுவும் இதேதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் தாண்டிப் போய்விடாதீர்கள், காசு மிச்சமாவது இங்கேதான். நட்டைத் திருப்பும் விசையை மெக்கானிக்குகள் டார்க் என்பார்கள். நீங்கள் கொடுக்கும் விசையைக் கைப்பிடி நீளத்தால் பெருக்கினால் டார்க். நன்றாக ஊன்றி நின்று ஒருவர் கையால் 30 கிலோ அளவுக்கு இழுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 300 நியூட்டன். காரோடு வரும் எல் வடிவ ஸ்பேனர் 25 சென்டிமீட்டர் நீளம் என்றால், 300 பெருக்கல் 0.25, அதாவது 75 நியூட்டன் மீட்டர்.

பெரும்பாலான சிறு கார்களுக்குச் சக்கர நட்டு இறுக்க வேண்டிய அளவு 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. அதாவது முறைப்படி இறுக்கிய நட்டையே வண்டியோடு வந்த ஸ்பேனரால் கையால் மட்டும் கழற்றுவது கடினம். அதனால்தான் ஆட்கள் அதன்மேல் ஏறி மிதிக்கிறார்கள். பஞ்சர் கடையில் காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும் ஏர் கன்னை நட்டின் மேல் வைத்து 'டர்ர்' என்று சில விநாடி பிடித்துவிட்டால் அந்த அளவு இரண்டு மடங்குக்கு மேலும் போயிருக்கும். மழையும் துருவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

அதே 30 கிலோ இழுப்பை 60 சென்டிமீட்டர் பாரில் கொடுங்கள். 180 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். மிதிக்க வேண்டாம், எகிற வேண்டாம். உடல் பலம் குறைந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்தக் கருவி எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரியும்.

சக்கர நட்டு மட்டும்தான் உங்கள் தேவை, அதுவும் வருடத்தில் ஒரு தடவை என்றால், நாலு முனை கொண்ட கூட்டல் குறி வடிவ வீல் ஸ்பேனரே போதும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் இழுத்து ஒரு பக்கம் தள்ளலாம், விலையும் குறைவு. பைக்கின் பின் ஆக்சில் நட்டு, சஸ்பென்ஷன் போல்ட்டு, கார் ஹப் நட்டு என்று சொந்தமாக வேலை செய்ய ஆசைப்படுபவருக்குத்தான் பிரேக்கர் பார்.

சதுரம்: உடைவது இங்கேதான்

கடையில் பெரும்பாலோர் நீளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் பார் உடைவது கைப்பிடியில் இல்லை. சதுரம் முறுக்கிக்கொள்ளும், அல்லது தலையைப் பிடித்திருக்கும் பின் (குறுக்கே போகும் சிறு கம்பி) வெட்டுப்படும், அல்லது அந்தப் பின்னைத் தாங்கும், நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும் கவையின் காது விரியும். கைப்பிடி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அத்தனை விசையும் கடைசியில் அந்தச் சுண்டுவிரல் அகலச் சதுரத்தின் வழியாகத்தான் நட்டுக்குப் போயாக வேண்டும்.

சதுரங்கள் 1/4, 3/8, 1/2, 3/4, 1 இஞ்ச் என்று வருகின்றன. முறுக்கைத் தாங்கும் வலிமை பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்தில் (பக்கம் × பக்கம் × பக்கம்) ஏறும். 3/8 இஞ்ச் சதுரம் பார்வைக்கு 1/2 இஞ்ச்சை விடக் கொஞ்சம்தான் சின்னது, ஆனால் அதே இரும்பில் செய்தால் தாங்குவது பாதிக்கும் குறைவு. 3/4 இஞ்ச் சதுரம் 1/2 இஞ்ச்சைப்போல மூன்று மடங்குக்கும் மேல் தாங்கும். தரமான 1/2 இஞ்ச் கருவிகளைத் தொழிற்சாலையில் சோதிக்கும் டார்க் 500 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நீளத்தை முடிவு செய்ய உதவும்.

கார் வைத்திருப்பவருக்கு 1/2 இஞ்ச். யோசிக்கவே வேண்டாம். சாக்கெட்டுகளும் இந்த அளவில்தான் எல்லா ஊரிலும் தாராளமாகக் கிடைக்கும். 100, 125 சிசி பைக் மட்டும் என்றால் 3/8 போதும் என்று சிலர் சொல்வார்கள். நாளைக்குக் கார் வாங்கினால் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும், அதனால் அவர்களுக்கும் 1/2 தான் என் பரிந்துரை. லாரி, பஸ், டிராக்டர் சக்கரத்துக்கு 3/4 இஞ்ச்சிலிருந்து தொடங்குங்கள்.

நீளம்

1/2 இஞ்ச் சதுரத்துக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர், கடைக்காரர் மொழியில் 18 இஞ்ச்சும் 24 இஞ்ச்சும். டிக்கியில் வைத்துக்கொள்ள 18, வீட்டில் வைத்து வேலை செய்ய 24. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் 24 எடுப்பேன்.

ஒரு மீட்டர் நீளத்தில் 1/2 இஞ்ச் சதுரத்தோடு பார் விற்கிறார்கள். 70 கிலோ ஆள் அதன் நுனியில் முழு எடையையும் போட்டால் 700 நியூட்டன் மீட்டர், சதுரம் சோதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிட்டது. 60 சென்டிமீட்டர் பாரில் அதே ஆள் ஏறினாலும் 420 தான். நல்ல நீளம் என்பது நீங்கள் தவறிப்போய் முழு பலத்தைக் கொடுத்தாலும் சதுரம் பிழைத்துக்கொள்ளும் நீளம். 60 சென்டிமீட்டர் பாருக்கு மேல் ஜிஐ பைப்பை மாட்டி நீட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து. பைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் 3/4 இஞ்ச்சுக்கு மாற வேண்டிய வேலை அது என்று அர்த்தம்.

இழுத்து நீட்டும் டெலஸ்கோப் மாதிரியை வீட்டு உபயோகத்துக்குத் தவிருங்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாயும் பூட்டுப் பொத்தானும் கூடுதலாகப் பழுதாகும் இடங்கள்.

கடையில், கையில் எடுத்துப் பார்க்கும்போது

அட்டைப்பெட்டியைப் படித்து முடிவு செய்யாதீர்கள். பொருளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

முதலில் எடை. 16 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டி இரும்புக் கம்பி 60 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிட்டத்தட்ட 950 கிராம் வரும். தலையும் கவையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்ட வேண்டும். 24 இஞ்ச் பார் ஒன்று 600, 700 கிராம்தான் இருக்கிறது என்றால் அது ஒன்று மெல்லியது, இல்லையென்றால் உள்ளே குழாய். குழாய்க் கைப்பிடி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மலிவு விலையில் அப்படி வந்தால் அங்கே இரும்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இணையத்தில் வாங்குபவர்கள் விவரப் பகுதியில் எடையைத் தேடுங்கள், பல சமயம் அது ஒன்றுதான் அங்கே பொய் சொல்லாத தகவல்.

அடுத்து கவை, அதாவது தலையை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் காதுகள். இரண்டு காதும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். கைப்பிடியும் கவையும் ஒரே இரும்பில் அடித்து உருவாக்கியதா, தனியாகச் செய்து வெல்டிங் பிடித்ததா என்று கழுத்துப் பகுதியைத் தடவிப் பாருங்கள். வெல்டிங் பிடித்துக் குரோம் பூசியிருந்தால் ஒரு மெல்லிய மேடு விரலுக்குத் தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டால் கீழே வைத்துவிடுங்கள். சூட்டில் கடினப்படுத்திய இரும்பின் மேல் வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தின் தன்மையே மாறிவிடும். லேத் பட்டறையில் கம்பியோடு சாக்கெட்டைச் சேர்த்து ஒட்டிக் கொடுக்கும் பாரும் பெரும்பாலும் ஒட்டுக்குப் பக்கத்தில்தான் விடும்.

தலையை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாக, வைத்த கோணத்தில் நிற்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் தலை சாக்கெட்டை நட்டில் பொருத்தும்போது எரிச்சலூட்டும், அதை விடப் பெரிய குறை பின் துளை சரியாகக் கடையப்படவில்லை என்பது. தலையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் மடங்கலாம், பக்கவாட்டு ஆட்டம் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

பின் எப்படி நிற்கிறது என்று கேளுங்கள். ஸ்க்ரூ போட்டுக் கழற்றும்படி இருந்து, தலையும் பின்னும் தனி உதிரியாகக் கிடைக்கும் கம்பெனியாக இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். என்றாவது சதுரம் போனாலும் கைப்பிடி வீணாகாது. இரு பக்கமும் தட்டி மூடிய பின் என்றால் அது போனால் மொத்தமும் போச்சு.

உங்கள் சாக்கெட் ஒன்றை எடுத்துப்போயிருந்தால் சதுரத்தில் மாட்டிப் பாருங்கள். சதுரத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னக் குண்டு 'டிக்' என்று பிடிக்க வேண்டும். மாட்டிய சாக்கெட் வெற்றிலைப் பெட்டிக்குள் பாக்கு உருள்வதுபோல ஆடினால், சதுரத்தின் மூலைகளில் மட்டும் பாரம் ஏறி முனைகள் மழுங்கும்.

பொறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. குரோம் வனேடியம் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் பெரும்பாலான பார்களில் இருக்கும். அது உலோகக் கலவையின் பெயர்தானே தவிர, அதை எப்படிச் சூடாக்கி எப்படிக் குளிர்வித்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அளவுக்கு மேல் கடினமானால் சதுரம் கண்ணாடிபோலத் தெறிக்கும், மென்மையாக விட்டால் முறுக்கிக்கொள்ளும். நடுவில் நிறுத்துவதுதான் தயாரிப்பாளரின் திறமை. அந்தத் திறமைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கைப்பிடிக்குக் குரோம் வனேடியமும் தலைக்கு மட்டும் குரோம் மாலிப்டினமும் போடுவது நல்ல சேர்க்கை, பெரும்பாலும் தலை கறுப்பாக இருக்கும். குரோம் பூச்சு கொப்புளித்திருந்தால் வேண்டாம், உரியும் குரோம் பிளேடுபோலக் கையைக் கிழிக்கும்.

சாக்கெட்டை மறந்துவிடாதீர்கள்

ஆறு முனை சாக்கெட் வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும், நீண்ட பாரின் பலம் சேர்ந்தால் மூலை மழுங்கிவிடும். சக்கர நட்டுகள் பெரும்பாலும் 17, 19, 21 மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதை வண்டியோடு வந்த ஸ்பேனரை வைத்தே தெரிந்துகொள்ளலாம். அலாய் வீல் என்றால் பள்ளத்துக்குள் நுழையும் மெல்லிய சுவர் கொண்ட நீள சாக்கெட் தேவை. ஏர் கன்னுக்கான கறுப்பு இம்பேக்ட் சாக்கெட்டைப் பாரில் தாராளமாகப் போடலாம்.

நாற்பது சாமான் அடங்கிய செட்டுக்குள் பிரேக்கர் பாரும் வருகிறதே என்று கேட்பீர்கள். அதில் நீங்கள் தொடவே போகாத முப்பது சாமானுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். அதே காசில் ஒரு நல்ல பாரும் இரண்டு நல்ல சாக்கெட்டும் வரும்.

நியாயமான விலை எது?

ஒரே விலையைச் சொன்னால் அடுத்த வருடம் பொய்யாகிவிடும், அதனால் விலையை எடை போடும் முறையைச் சொல்கிறேன்.

பெயர் பெற்ற இந்தியக் கம்பெனிகள் தங்கள் கருவிகளுக்கு விலைப்பட்டியல் வெளியிடுகின்றன. நாசிக்கில் தயாரிக்கும் தபாரியாவின் பட்டியல் இணையத்திலேயே கிடைக்கும். ஜலந்தர், லூதியானா பக்கத்துக் கம்பெனிகளும் ஏராளம். முதல் வேலை, இரண்டு மூன்று இந்தியக் கம்பெனிகளின் அதே சதுரம், அதே நீளத்துக்கான எம்.ஆர்.பி.யைக் குறித்துக்கொள்வது. அதுதான் உங்கள் உச்சவரம்பு. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் ஜிஎஸ்டி தனி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கைக்கருவிகளில் ஸ்பேனர், சாக்கெட் வகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அடுத்தது, கருவிக் கடைகளில் எம்.ஆர்.பி. கொடுத்து வாங்குவது வழக்கம் இல்லை. "நெட் ரேட் என்ன?" என்று, அதாவது தள்ளுபடி போகக் கடைசி விலை என்ன என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சு வேறு மாதிரி ஆகும். சென்னையில் பாரிமுனை பக்கம் லிங்கிச் செட்டித் தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் தள்ளுபடி எவ்வளவு என்பது பிடிபட்டுவிடும். வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெரிய ஆட்டோ டூல்ஸ் கடையில் கேட்டு, இணைய விலையோடு ஒப்பிட்டால் போதும். நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக, பார்த்துத் தொட்டு வாங்கும் வாய்ப்பை விடாதீர்கள். பின் ஆடுகிறதா என்று இணையம் சொல்லாது.

ஒப்பிட இன்னொரு வழி: அதே கம்பெனியின் அதே சதுர ராட்சட் விலையைக் கேளுங்கள். ராட்சட்டில் பல், ஸ்பிரிங், மாற்றும் நெம்பு என்று நுணுக்க வேலை அதிகம். பிரேக்கர் பாரில் வேலை குறைவு, இரும்பு அதிகம். ஆகவே 18, 24 இஞ்ச் பார் ராட்சட்டின் விலையை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இருந்தால் இயல்பு. ராட்சட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு சொன்னால் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாற்றிக்கொள்ளும் தலை, மாலிப்டினம் தலை என்று பதில் வந்தால் யோசிக்கலாம். ரப்பர் கைப்பிடி, அழகுப் பெட்டி என்றால் வேண்டாம். எண்ணெய்க் கையோடு பிடிக்க சொரசொரப்பாகக் கடைந்த இரும்புப் பிடியே நல்லது.

ஜெர்மன், ஜப்பானியக் கம்பெனிப் பொருள்கள் பல மடங்கு விலையில் இருக்கும். தினமும் பத்து வண்டி பார்க்கும் பட்டறைக்கு அந்த விலை தகும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தில் நல்ல இந்தியப் பாரையும், குறித்த டார்க் அளவுக்கு இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்சையும் சேர்த்தே வாங்கலாம்.

மிக மலிவான பாரை வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பணம் இல்லை. முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது சதுரம் உடைந்தால் இழுத்த வேகத்தில் நீங்கள் பின்னால் விழுவீர்கள், அல்லது விரல் முட்டி போய் ஃபெண்டரில் மோதும். நெடுஞ்சாலை ஓரத்தில் அது நடந்தால் எங்கே விழுவோம் என்று சொல்ல முடியாது.

உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம் வருடம், எம்.ஆர்.பி., வெளிநாட்டுப் பொருள் என்றால் எந்த நாடு என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டிக்கரே இல்லாத பார், பெயர் பெற்ற கம்பெனியின் எழுத்தில் ஒன்று மாறியிருக்கும் பார், இரண்டும் வேண்டாம். பில் வாங்குங்கள். வாழ்நாள் வாரண்டி என்று போட்டிருந்தால் அது தயாரிப்புக் குறைக்கு மட்டும். பைப் மாட்டிய தடம் கைப்பிடியில் தெரிந்தால் மாற்றித் தரமாட்டார்கள்.

பழைய பொருளுக்குப் பயப்பட வேண்டாம். சென்னையில் புதுப்பேட்டை, கொழும்பில் பஞ்சிகாவத்தை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் கண் வைத்துத் தேடினால் நல்ல பழைய பார் கிடைக்கும். சதுரத்தை அதன் அச்சு நேராகக் கண்ணுக்கு முன் பிடித்துப் பாருங்கள். நாலு விளிம்பும் நேர்கோடாக ஓட வேண்டும். லேசாகத் திருகியிருந்தாலும் அந்தச் சதுரம் ஒரு தடவை எல்லை தாண்டிவிட்டது. மூலைகளில் மயிரிழை விரிசல், வெல்டிங் தடம், வளைந்த கைப்பிடி இருந்தால் பேரமே பேசாதீர்கள். மேலோட்டத் துரு பரவாயில்லை, தேய்த்தால் போய்விடும். புதியதன் நெட் ரேட்டில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

வண்டி தரையில் நிற்கும்போதே, கை பிரேக் போட்டு, எல்லா நட்டையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கி அதன் பிறகு. ஜாக்கியில் தூக்கிய வண்டியின் சக்கரத்தில் இவ்வளவு பெரிய பாரைப் போட்டு இழுத்தால் வண்டி இறங்கிவிடும்.

சாக்கெட் நட்டில் முழு ஆழத்துக்கு உட்கார வேண்டும். கைப்பிடி நட்டின் அச்சுக்கு நேர்க்குத்தாக இருக்கட்டும், தலையைச் சாய்த்த கோணத்தில் வைத்துக்கொண்டு பலம் கொடுத்தால் சாக்கெட் நழுவும். தள்ளுவதை விட உங்களை நோக்கி இழுப்பது நல்லது. இடம் இல்லாமல் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரல்களை மூடாமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். குலுக்கி அடிக்காமல் மெதுவாக விசையை ஏற்றுங்கள். அசையவில்லையா, துரு இளக்கும் எண்ணெய் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு மறுபடி முயலுங்கள். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்த்திசை மரை இருக்கும், முழு பலத்தைக் கொடுக்கும் முன் எந்தப் பக்கம் கழலும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரேக்கர் பாரால் நட்டை இறுக்கக் கூடாது. 60 சென்டிமீட்டர் கைப்பிடியில் எவ்வளவு இறுக்கினோம் என்று கைக்குத் தெரியாது, ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) நீண்டு மரை போய்விடும். கையால் ஓட்டி, எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். அது இல்லையென்றால் வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரால், கைப்பலத்தில் நட்டை நன்றாக இறுக்கி, அன்றைக்கே ஒரு பட்டறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு தடவை பாருங்கள், அலாய் வீல் என்றால் கட்டாயமாக.

பாரைத் துடைத்து, பின் இருக்கும் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே துணியில் சுற்றி, சாக்கெட்டோடு சேர்த்து வையுங்கள். வண்டியை சர்வீஸுக்கு விடும் முன் இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.